புறணியின் மேல் வைத்த எண்கள்

மூளையின் சாம்பல்நிறப் பகுதி திடீரென்று, அளவுமீறிப் பொங்கி எழுவதே வலிப்பு என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் எழுதியபோது, அந்தப் பொங்குதலை அளந்து காட்ட அவர் கையில் கருவி எதுவும் இருக்கவில்லை. கட்டைவிரலில் தொடங்கி முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறும் இழுப்பின் பாதையைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தே, மூளையில் பொறி விழும் இடத்தை அவர் கணித்தார். அந்த இடத்தை மின்வாய் கொண்டு, அதுவும் மண்டையோட்டைத் திறந்து மூளையின் மேற்பரப்பிலேயே வைத்து, நேரடியாகப் பதிவுசெய்து அறியும் முறை எலெக்ட்ரோகார்ட்டிகோகிராபி எனப்படுகிறது. பெருமூளையைப் போர்த்தியிருக்கும், இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிப்பே உள்ள நரம்பணுப் படலத்துக்குப் புறணி என்று பெயர் ஆதலின், தமிழில் இதனைப் புறணி மின்வரைவு எனலாம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மின்வரைவுத் தொழில்நுட்பராக நீண்ட காலம் பணியாற்றிய இக்கட்டுரையாசிரியரின் நினைவில் தங்கியவை, இம்முறையின் வரலாற்றோடும் அறிவியலோடும் சேர்த்து இங்கே எழுதப்படுகின்றன. ஏனெனில் கருவி எதைப் பதிவுசெய்தது என்பது நூல்களில் கிடைக்கிறது, கருவிக்கு அருகே என்ன பேசப்பட்டது என்பது அங்கே நின்றவர்களோடு மறைந்துவிடுகிறது.

தலைத்தோலில் பசை தடவி மின்வாய்களை ஒட்டி எடுக்கப்படும் வழக்கமான ஈ.ஈ.ஜி. பதிவில் வந்து சேரும் மின்னழுத்தம், பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரையிலானது. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளைக்கும் மின்வாய்க்கும் இடையே மூளைத் தண்டுவட நீர், வன்சவ்வு, எலும்பு, தோல் என்று அடுக்கடுக்காக இருப்பதால், வேகமான அலைகள் வழியிலேயே மங்குகின்றன. அருகருகே நிகழும் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்து தெரிகின்றன. ஏறத்தாழ 6 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கும் அதிகமான புறணிப் பரப்பு ஒரே நேரத்தில் ஒத்துத் துடித்தால்தான் தலைத்தோலில் அது கண்ணுக்குப் புலப்படும் என்று அளந்திருக்கிறார்கள். எனவே, ஒரு நோயாளிக்குப் பொறி எந்தப் பக்கத்தில், ஏறக்குறைய எந்த மடலில் விழுகிறது என்று சொல்லும் அளவுக்கு ஈ.ஈ.ஜி. உதவினாலும், அறுவை மருத்துவரின் கத்தி எந்த மடிப்புக்கு முன்னால் நிற்கவேண்டும் என்ற கேள்விக்கு அதனால் பல நேரங்களில் விடை சொல்ல முடிவதில்லை. தொழில்நுட்பருக்கு இந்த வேறுபாடு கையால் உணரக்கூடியது. தலைத்தோல் பதிவின்போது, பேனா ஒரு மில்லிமீட்டர் அசைவதற்கு 7 மைக்ரோவோல்ட் என்று வைக்கப்படும் திருகை, மின்வாய் மூளையின் மேல் அமர்ந்ததும் 50-க்கோ அதற்கும் மேலோ திருப்பிவிட வேண்டும். மறந்துவிட்டால் பேனாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

மூளையின் மேற்பரப்பில் மின்சாரம் ஓடுகிறது என்பதை முதலில் கண்டவர் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன். முயல்களின், குரங்குகளின் திறந்த மூளையில் அவர் மின்வாய்களை வைத்து, கண்ணாடி பொருத்திய கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி அசைவதைக் கண்டு, 1875-இல் அதை மருத்துவர் கூட்டத்தில் அறிவித்தார். மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் பதிவுசெய்தபோதும், முன்பு நடந்த அறுவையால் மண்டையோட்டில் இடைவெளி ஏற்பட்டிருந்த ஓர் இளைஞனையே அவர் தேர்ந்தார். எலும்பு இல்லாத இடத்தில்தான் முதல் அலை கிடைத்தது என்பதை இத்துறையினர் நினைவில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929-இல் அவர் வெளியிட்ட முடிவை உலகம் ஏற்க மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. அறுவை மேசையில் மனிதப் புறணியிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுகளை 1935-இல் வெளியிட்டவர்கள், அன்று ஜெர்மனியிலிருந்த பிரெஸ்லாவ் நகரின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரும் அல்டன்பர்கரும் ஆவர்.

அதே ஃபோர்ஸ்டரிடம் 1928-இல் சில மாதங்கள் தங்கிக் கற்றவர் வைல்டர் பென்ஃபீல்ட். மான்ட்ரியல் நகருக்குச் சென்ற அதே ஆண்டின் இறுதியில், வலிப்புக்குக் காரணமாயிருந்த மூளைக் கட்டியை அகற்றத் தம் உடன்பிறந்த சகோதரிக்கே அவர் அறுவை செய்ய நேர்ந்தது. முழுமையாக அகற்ற முடியாத அக்கட்டியால் அந்த அம்மையார் சில ஆண்டுகளில் இறந்தார். 1934-இல் திறக்கப்பட்ட மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறையை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். நோயாளி விழித்திருப்பார், தலைத்தோல் மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போடப்பட்டிருக்கும், மூளைக்கு வலியை உணரும் நரம்புமுனைகள் இல்லாததால், புறணியைத் தொட்டாலும் அவருக்கு வலிக்காது. மென்மையான மின்துடிப்பைக் கொடுத்து, கை அசைகிறதா, பேச்சு நிற்கிறதா என்று பார்த்து, விளைவு கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் எண் பொறித்த சிறு காகிதத் துண்டை வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து ஹெர்பர்ட் ஜாஸ்பர் வந்துசேர்ந்த பிறகு, மின்துடிப்பைக் கொடுப்பதோடு, புறணி தானாக எழுப்பும் அலைகளைப் பதிவுசெய்வதும் அந்த மேசையின் அன்றாடப் பணியாயிற்று. இருவரும் சேர்ந்து 1954-இல் வெளியிட்ட பெருநூல், வலிப்பு மருத்துவத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கியது.

அந்தத் தலைமுறையில் தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தவர் ஜேக்கப் சாண்டி. மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற அவர், 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்தகைய துறையைத் தொடங்கினார். 1951-இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் கூடி இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே வேலூரில் வலிப்புக்கான அறுவை நடந்தது என்பதை இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. அமெரிக்காவிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ அண்மையில் வந்த புதுமை என்றே அவர்கள் இதனை எண்ணுகிறார்கள்.

இக்கட்டுரையாசிரியர் இப்பணியில் சேர்ந்த காலத்தில் பதிவு என்றால் அது காகிதம்தான். பதினாறு பேனாக்கள், நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் மடிப்புக் காகிதத்தில் மையால் எழுதின. ஒரு பக்கம் பத்து நொடி, ஒரு மணி நேரத்துக்கு 108 மீட்டர் காகிதம். அக்கருவியின் ஓசையே ஒரு மொழியாயிருந்தது. அமைதியான மூளையின்மேல் பேனாக்கள் ஓலையை நகத்தால் மெல்லக் கீறுவது போன்ற சீரான ஓசையை எழுப்பும். பொறி தெறிக்கும்போது இரண்டு மூன்று பேனாக்கள் மட்டும் சடக்கென்று துள்ளி அடங்கும். வலிப்பே கிளம்பும் நேரத்தில் முதலில் சில பேனாக்கள் அடங்கி, பிறகு நடுங்கி, பிறகு எல்லாம் சேர்ந்து தடதடவென்று அடிக்கும். காகிதத்தைப் பார்க்காமல் ஓசையைக் கொண்டே, வலிப்பு வரப்போகிறது என்று மூத்த தொழில்நுட்பர் ஒருவர் தலையைத் திருப்பாமலே சொல்வதுண்டு. அவர் சொல்லி முடிப்பதற்குள், குளிர்வித்த உப்புநீரைப் புறணியின்மேல் ஊற்ற செவிலியர் தயாராகிவிடுவார். அப்படி ஊற்றினால் பெரும்பாலும் வலிப்பு அடங்கிவிடும்.

மண்டையோட்டின் விளிம்பில் திருகிப் பொருத்திய வளையத்திலிருந்து வளைந்து இறங்கும் மெல்லிய கம்பிகளின் நுனியில், மிளகளவு மின்வாய்கள் இருந்தன. அவற்றைப் புறணியின்மேல் அழுந்தாமல், அதே நேரம் நழுவாமல் அமர்த்துவது அறுவை மருத்துவரின் கைத்திறன். அமர்ந்தபின் வருவது உண்மையான மூளையலையா, வேறு குப்பையா என்று பிரித்துச் சொல்வது தொழில்நுட்பரின் கடமை. மின்வாய்களுக்கிடையே உப்புநீர் தேங்கிவிட்டால் அது மின்சாரத்துக்குப் பாலமாகி, பக்கத்துப் பக்கத்துப் பேனாக்கள் ஒரே கோட்டை எழுதும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால்தான் வேறுபாடு திரும்பும். மேசையின் மோட்டாரோ, உடலைச் சூடாக வைக்கும் விரிப்போ, எர்த் சரியில்லாத விளக்கோ நொடிக்கு 50 சுழற்சியில் ஓடும் மின்சாரத்தைக் கசியவிட்டால், காகிதம் முழுவதும் கரிக்கோடாகிவிடும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வரை, மூளை திறந்த நிலையில் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு கைகளை விரைவுபடுத்தும்.

இங்கே ஸ்பைக் என்ற சொல்லை விளக்க வேண்டும். வலிப்பு வராத நேரத்திலும், பாதிக்கப்பட்ட புறணி 20 முதல் 70 மில்லிநொடிக்குள் எழுந்து விழும் கூர்மையான அலைகளை இடையிடையே தெறிக்கவிடும், இதுவே ஸ்பைக். இதைக் கண்ட இடமெல்லாம் நோய் என்று கொள்வது தவறு. ஓரிடத்தில் பிறந்த ஸ்பைக் சில மில்லிநொடியில் வேறிடத்துக்குப் பரவி, அங்கே பிறந்ததுபோலவே தோன்றும். மயக்கமருந்து கொஞ்சம் கூடினால் உண்மையானவை மறைந்துவிடும். அறுவை முடிந்தபின் விளிம்பில் எஞ்சியிருக்கும் ஸ்பைக்குகளைத் துரத்திச் சென்று வெட்ட வேண்டுமா என்பதில் வல்லுநர்களிடையே இன்றளவும் ஒத்த கருத்து இல்லை. இக்கட்டுரையாசிரியர் கண்ட அளவில், தயங்கி நின்ற மருத்துவர்களே நோயாளிக்கு அதிகம் நன்மை செய்தார்கள்.

பேச்சு குடியிருக்கும் பகுதிக்கு அருகில் அறுவை நடக்கும்போது, அலைகளைப் பதிவதோடு பணி முடிவதில்லை. நோயாளிக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். சில மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்துடிப்பை ஓரிடத்தில் சில நொடி கொடுக்கும்போது பெயர் வராமல் போனால், அந்த இடம் பேச்சுக்கு இன்றியமையாதது என்று கொள்வார்கள். 117 நோயாளிகளின் புறணியை இவ்வாறு சோதித்து ஜார்ஜ் ஓஜ்மனும் அவர் குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, பேச்சின் இடங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுகின்றன என்றும், பாடநூல் படத்தை நம்பி வெட்டக்கூடாது என்றும் தெளிவாக்கிற்று. அதற்கு முன்பே, 1978-இல், அவரும் விட்டேக்கரும் இருமொழி பேசுவோரைச் சோதித்து, ஒரு மொழியின் பெயர் நின்றுபோகும் இடத்தில் மற்றொரு மொழியின் பெயர் தடையின்றி வருவதுண்டு என்று காட்டியிருந்தார்கள். ஆகவே, தமிழில் வாழும் ஒருவரை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, பேச்சைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிறைவு கொள்வதற்கு அறிவியலில் இடமில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இக்கட்டுரையாசிரியர் பணியாற்றிய மருத்துவமனையில் இருந்த படங்களோ வெளிநாட்டில் அச்சானவை. பனிக்கட்டி வீட்டையும் ஓக் மரத்துக் கொட்டையையும் பார்த்து விழித்த நோயாளிகளுக்கு மூளையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதனால் நரம்பியல் உளவியலாளரும் தொழில்நுட்பர்களும் மாலைநேரங்களில் உட்கார்ந்து, பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவரின் துணையோடு, அம்மி, ஆட்டுக்கல், குடம், கொலுசு, மண்வெட்டி, முறம், பம்பரம், பூட்டு என்று அறுபது அட்டைகளைக் கறுப்பு மையில் வரைந்து எண்ணிட்டார்கள். ஒவ்வோர் அட்டையையும் காட்டும்போது, "இது" என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல நோயாளிக்கு முதல் நாளே பழக்குவார்கள். "இது" என்ற அச்சிறு சொல்லின் பயன் பெரிது. அதுவே வராவிட்டால் நாவும் உதடும் தடைப்பட்டன என்று பொருள். அது வந்து, பின்னால் வரவேண்டிய பெயர் மட்டும் வராவிட்டால், தடைப்பட்டது பெயரைத் தேடி எடுக்கும் வினை என்று பொருள்.

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த, தையல் வேலை செய்துவந்த முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு இடது பொட்டு மடலின் பின்பகுதியில், மெல்ல வளரும் சிறு கட்டி இருந்தது. வலிப்பு வருமுன் தூரத்தில் மில் சங்கு ஊதுவது கேட்கும் என்றும், அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் பேசுவது வெறும் ஓசையாகிவிடும் என்றும் அவர் சொன்னார். பொட்டு மடலின் மேற்பரப்பில் கேள்விப் புலன் இருப்பதால் இத்தகைய முன்னறிகுறி நேர்வதுண்டு. பென்ஃபீல்ட் மின்துடிப்பு கொடுத்தபோது பழைய பாட்டையோ குரலையோ கேட்டதாகச் சொன்னவர்கள், பொட்டு மடலில் அறுவை செய்யப்பட்ட 520 பேரில் 40 பேர் மட்டுமே என்று 1963-இல் அவரே கணக்கிட்டிருக்கிறார். அறுவைக்கு முதல் நாள் மாலையில் அட்டைகளைப் பார்த்து அப்பெண் தடையின்றிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். 37-ஆம் எண் அட்டை முறம். அதற்கு அவர், "இது சொளகு" என்றார். உளவியலாளர் கேரளத்தைச் சேர்ந்தவர். விடைத்தாளில் இருந்த சொல் முறம் என்பதால் தவறு என்று குறிக்கப் போனார். தென்மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இக்கட்டுரையாசிரியர், அங்கே அதற்குச் சொளகு என்றே பெயர் என்று சொல்லி, விடைத்தாளில் பென்சிலால் அச்சொல்லை எழுதிவைத்தார்.

மறுநாள் பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் அப்பெண்ணின் முகமும், அதற்கு எதிரே உளவியலாளரின் கையும் அட்டைகளும் மட்டும் தெரிந்தன. கூடாரத்துக்கு மறுபக்கம் அறுவை மருத்துவர் ஒவ்வோர் இடமாகத் தொட்டு எண் சொல்ல, அந்த எண்ணும் அட்டையின் எண்ணும் ஓடும் காகிதத்தின் ஓரத்தில் குறிக்கப்பட்டன. 13-ஆம் இடம் வரை தடை ஏதும் இல்லை. 14-ஆம் இடத்தில் மின்துடிப்பு தொடங்கியதும் பேனாக்கள் காகிதத்தில் தடித்த கறுப்புப் பட்டையைத் தீட்டின, மின்துடிப்பின் சத்தம் மூளையின் சத்தத்தை மூடிவிடும் அந்த நான்கு நொடியில், "இது... இது வந்து... அரிசி பொடைப்போம்ல..." என்ற குரல் கேட்டது. துடிப்பு நின்றது. ஒரு மூச்சு இடைவெளிக்குப் பின், "சொளகு" என்றார்.

அந்தக் கணத்தில் அறை முழுவதும் தொழில்நுட்பரை நோக்கித் திரும்பியதற்குக் காரணம் உண்டு. மின்துடிப்பு சில நேரங்களில் புறணியில் சிறு வலிப்பையே மூட்டிவிடும். துடிப்பு நின்ற பிறகும் தொடரும் அந்தச் சிறு வலிப்பு பின்வெளிப்பாடு எனப்படும். அது பரவி வேறிடத்தைத் தாக்கியதால் பேச்சு நின்றிருந்தால், 14-ஆம் இடத்தின்மேல் பழி சுமத்த முடியாது. மின்வாய்களை மூளையின்மேல் விட்டுவைத்திருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் விளங்குகிறது. கறுப்புப் பட்டைக்கு அடுத்த அங்குலத்திலேயே பேனாக்கள் பழைய சீரான கோட்டுக்குத் திரும்பியிருந்தன. "ஆஃப்டர் டிஸ்சார்ஜ் இல்லை" என்று மூன்று சொல்லில் அறிக்கை தரப்பட்டது. வேறு அட்டைகளைக் கொண்டு மேலும் இருமுறை சோதித்தபோதும், பூட்டுக்குப் பதிலாக "கதவுல போடுறது" என்றும், பம்பரத்துக்குப் பதிலாக வெறும் "இது" என்றும் வந்தன. 14 என்ற காகிதத் துண்டு அங்கேயே நிலைத்தது. அத்தகைய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலகி வெட்டினால் பேச்சு பிழைக்கும் என்பது அனுபவத்தால் நிறுவப்பட்ட விதி. கட்டியும், அதைச் சூழ்ந்து ஸ்பைக் தெறித்த புறணியின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டன; 14-க்கு ஒட்டிய மடிப்பில் அவ்வப்போது தெறித்த சில ஸ்பைக்குகளை அறுவை மருத்துவர் பார்த்தும், கை வைக்காமல் விட்டுவிட்டார்.

அறுவை மேசையில் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்துக்குள் வலிப்பே வந்து தன் பிறப்பிடத்தைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகவே, சிலிக்கோன் தகட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பிளாட்டினத் தட்டுகளைப் பதித்த கிரிட்டை மூளையின்மேல் வைத்து மூடி, கம்பிகளை மட்டும் தோல் வழியே வெளியே எடுத்து, நாள்கணக்கில் பதிவுசெய்யும் முறை வந்தது. எட்டுக்கு எட்டாக 64 தட்டுகள் கொண்ட கிரிட் மிகுதியும் பயன்பட்டது. தொற்றும் இரத்தக் கசிவும் நேரக்கூடும் என்பதால் ஒவ்வொரு நாளும் கணக்கிட்டே கழியும். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வலிப்புக்காகக் காத்திருப்பார்கள். பதினைந்து ஆண்டுகள், வலிப்பு வரக்கூடாது என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட ஒரு தாய், கிரிட் வைத்த தம் மகனின் கட்டிலருகே நான்கு நாள் அமர்ந்திருந்து, "தம்பி, இன்னிக்காவது வந்துருமா?" என்று கேட்டது இக்கட்டுரையாசிரியரின் காதில் இன்னும் இருக்கிறது. மகனுக்கு வலிப்பு இருப்பதை உறவினருக்கு அவர் சொன்னதில்லை. 1999-இல் சட்டம் திருத்தப்படும் வரை, இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையான காரணங்களுள் ஒன்றாக இருந்த நாடு இது. சட்டம் மாறிய பின்பும் ஊர் மாறவில்லை.

நான்காம் நாள் இரவில் வலிப்பு வந்தது. பையன் உறங்கிக்கொண்டிருந்தான், திரையில் இரண்டு தட்டுகளில் மட்டும் அலைகள் தட்டையாகி, மிக மெல்லிய, வேகமான நடுக்கம் எழுந்து, ஏறத்தாழ ஒன்பது நொடிக்குப் பிறகே அவனுடைய வலது கட்டைவிரல் அசைந்தது. ஜாக்சன் கண்ணால் கண்டதற்கு முந்தைய ஒன்பது நொடி அது. அதே காணொளியில், முந்தானை முடிச்சை அவிழ்த்து இரும்புச் சாவியை எடுத்து மகன் கையில் திணிக்கும் தாயின் கையும் பதிவாயிற்று. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. கையிலும் வாயிலும் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்வதே செய்யத்தக்கது. செவிலியர் மென்மையாக அச்சாவியை வாங்கிக்கொண்டு, தாயைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அந்தப் பதிவில் ஒரு பிழை இருந்தது மறுநாள்தான் தெரிந்தது. புறணியை வரைபடமாக்கும்போது, முகம் அசையவேண்டிய தட்டில் மின்துடிப்பு கொடுக்கக் கட்டைவிரல் அசைந்தது. கிரிட்டிலிருந்து வரும் கம்பிக் கொத்துகளில் இரண்டு, இணைப்புப் பெட்டியில் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன; செருகியவர் இக்கட்டுரையாசிரியர். அறுவையின்போது எடுத்த புகைப்படத்தையும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்து, நான்கு நாள் பதிவின் பெயர்களையெல்லாம் திருத்தி எழுதிய பிறகே மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். அறுவை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. வரைபடமாக்கும் சோதனை செய்யப்படாமல், வலிப்புப் பதிவை மட்டும் நம்பியிருந்தால், பிறப்பிடத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியுள்ள நல்ல புறணி அகற்றப்பட்டிருக்கும். அதற்குப்பின் அந்தப் பிரிவில், ஒருவர் கம்பியின் நிறத்தை உரக்கச் சொல்ல, மற்றொருவர் படத்தைப் பார்த்து அதைத் திரும்பச் சொன்ன பிறகே எந்த இணைப்பும் செருகப்பட்டது.

மேற்பரப்பில் வைக்கும் கிரிட், மடிப்புகளின் ஆழத்தையும் ஹிப்போகாம்பஸ் போன்ற உள்ளுறுப்புகளையும் எட்டுவதில்லை. பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் தலைராக்கும் பாங்கோவும் வளர்த்த, மெல்லிய மின்கம்பிகளைச் சிறு துளைகள் வழியே ஆழத்துக்கு இறக்கும் முறை இன்று பல நாடுகளில் கிரிட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பது எம்.ஆர்.ஐ. படத்திலேயே தெளிவாகத் தெரியும் நோயாளிகளுக்குப் பல நேரங்களில் மூளையில் மின்வாய் வைக்கவே தேவையில்லை. கனடாவில் 80 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், பொட்டு மடல் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 58 பேர் ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பின்றி இருந்தார்கள், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 பேரே அவ்வாறு இருந்தார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு, நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு என்ற நிலையில், இவர்களில் மிகப் பலர் அறுவை என்றொரு வழி இருப்பதையே கேள்விப்படாமல் ஆண்டுகளைக் கழிப்பது பெரும் துயரம்.

தையல் வேலை செய்த பெண் ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். மில் சங்கு மாதத்தில் ஒருநாள் மெல்லக் கேட்பதுண்டு என்றும், அதற்குமேல் எதுவும் நேர்வதில்லை என்றும் சொன்னார். ஈ.ஈ.ஜி. எடுத்து முடித்து, தலையில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டே, "சார், அன்னிக்கு எனக்குப் பேச்சு நின்னுச்சே, அது எந்த வார்த்தை?" என்று கேட்டார். அலமாரியிலிருந்து காகிதக் கட்டு எடுக்கப்பட்டு, 14 என்று குறித்த பக்கம் அவர் முன் விரிக்கப்பட்டது. கறுப்புப் பட்டையின்மேல் அவர் விரலை வைத்துப் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த சொல்லை வாய்விட்டுப் படித்தார். பிறகு 37-ஆம் எண் அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சற்று நேரம் கூர்ந்து நோக்கினார்.

"இது சொளகு இல்ல சார். எங்க ஊர்ச் சொளகு பனையோலையில பின்னுறது. இது மூங்கில்ல செஞ்ச முறம்" என்றார்.

அட்டையின் பின்புறம் பென்சிலால் அதுவும் எழுதிவைக்கப்பட்டது.